பஸ்ஸைப் பிடிக்க ஒப்புதல் கிடைக்காத பெண்

“ரெண்டு காலும் தரையில இல்லீங்க!”

“பின்ன எங்க இருக்கு?”

“அதத்தானே நானும் கேக்குறேன்! அந்தரத்துல நிக்குது. ஒரு பொம்பள, தோள்ல பை, ரெண்டு காலும் காத்துல. இத நம்ம பத்திரிகை அட்டையில போட்டுட்டு நாளைக்கு யாரு பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா?”

“ஏன் இப்படிக் கத்துறீங்க? காலைக் கீழ இறக்கச் சொன்னாப் போச்சு.”

“அடுத்த தாள்ல இறக்கியிருக்கா. அதுக்கடுத்த தாளப் பாருங்க, மறுபடி தூக்கிட்டா! நாம இங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்கோம், அவ பாட்டுக்குத் தூக்கிக்கிட்டே போறா!”

மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த இந்தச் சண்டையை, வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் ஓவியர். அந்தப் பெண்ணை வரைந்தது அவர்தான். காலைத் தூக்கிவிட்டதும் அவர்தான். வயது நாற்பத்தெட்டு. என்ன சோப்புப் போட்டாலும் வலது கை நடுவிரலில் பென்சில் கரி போகாது. அந்த அலுவலகத்தில் எல்லாரும் அவரை ஆர்ட்டிஸ்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

போக்குவரத்துத் துறைத் தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடி அது. கதவில் ‘அட்டைப்பட ஒப்புதல் குழு’ என்று பலகை. அதன் கீழே ‘அனுமதி பெறாமல் உள்ளே வரக்கூடாது’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘அனுமதி உள்ளே வழங்கப்படும்’. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எத்தனை பேர் அங்கே காத்திருந்தார்களோ, பெஞ்சின் நடுப்பக்கம் குழிந்தே போயிருந்தது.

ஓவியர் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைகிறவர். அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். தாளின் மேல் கால்வாசி பத்திரிகையின் பெயருக்கு. இடது ஓரம் தலைப்புகளுக்கு. கீழே ஒரு மூலை விலைக் கட்டத்துக்கு. மிச்சம் கிடைக்கிற சந்தில்தான் மனுஷனை நிறுத்த வேண்டும். ஒருவன் தலைக்கு மேல் எவ்வளவு வானம் இருக்கலாம் என்பதைப் பத்திரிகையின் பெயர் முடிவு செய்யும். அந்தச் சந்துக்குள்ளேயே அவர் ஆயிரத்துச் சொச்சம் ஆட்களை நிறுத்திவிட்டார். குடையை விரிக்கப் போகிறவர், கடிதத்தைப் பிரிக்கப் போகிறவள், தும்மப் போகிற நீதிபதி. எல்லாரும் எதையாவது செய்யப் போகிறவர்கள்தான். ஒருத்தராவது அதைச் செய்து முடித்து அவர் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால், சின்ன வயதில், அவர் ஒரு அனிமேஷன் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே பெரிய ஓவியர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைவார். நடுவில் வரவேண்டிய பத்துப் பதினைந்து படத்தையும் இவர் மாதிரி ஆட்கள் வரைய வேண்டும். கை மேசையில் இருக்கிறது என்பது பெரியவர் படம். கை வாயில் இருக்கிறது என்பதும் பெரியவர் படம். நடுவில் கை போன வழியெல்லாம் இவர் படம். ஆனால் திரையில் பெரியவர் பெயர்தான் ஓடும். ஏழு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் கூடத்தையே மூடிவிட்டார்கள்.

அதனால்தான், துறையின் மாத இதழ் நூறாவது இதழைத் தொட்டதும், அங்கிருந்து கூப்பிட்டு, “இந்தத் தடவை அசையும் அட்டை போடறோம். கைப்பேசியிலயும் ஓடும், கீழ்தளத்துல பெரிய திரையிலயும் ஓடும். எட்டு நொடி. ஓரத்துல உங்க பேர் வரும்” என்று சொன்னபோது, அவர் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. முதலும் அவருடையது, கடைசியும் அவருடையது, நடுவும் அவருடையது. தெருவில் ஒரு பெண் நிற்கிறாள், பஸ் கிளம்பப் போகிறது, ஓடுகிறாள், பிடித்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. வாழ்க்கையில் ஒருத்தியையாவது போய்ச் சேர வைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

ஓட்டத்தைக் கற்பனையில் வரைய முடியாது. யாராவது ஓடிக் காட்ட வேண்டும். வீட்டில் இருந்தது வீட்டுக்காரர் ஒருவர்தான். பல் மருத்துவமனைக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. வயிறு அதற்கேற்ற மாதிரி. அவர் தோளில் தன் கைப்பையை மாட்டிவிட்டு, தெருமுனை வரைக்கும் ஓடச் சொன்னார் ஓவியர்.

“பொம்பள மாதிரி ஓடணுமா, ஆம்பள மாதிரி ஓடணுமா?”

“பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுங்க.”

ஓடினார். இவர் பின்னாலேயே கைப்பேசியில் படம் பிடித்தபடி, “பையப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்க! சிரிக்காதீங்க! இன்னும் வேகமா!” என்று கத்திக்கொண்டு போனார். மூன்றாவது தடவை முனைக் கடைக்காரர் பாய்ந்து வந்து வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். “பட்டப்பகல்ல ஒரு அம்மாகிட்ட பையப் பிடுங்கிட்டு ஓடுறியே, உன் வயசுக்கு வெக்கமா இல்ல?” என்று கேட்டார். விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்குப் பாதி சந்தேகம் தீரவில்லை. “இவர் உங்க வீட்டுக்காரர்தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றார். மொத்தம் பதினோரு ஓட்டம். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டுக்காரர் நான்கு நாள் நொண்டினார்.

ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். எட்டு நொடிக்குத் தொண்ணூற்றாறு. ஏழு வாரம் உட்கார்ந்து வரைந்து முடித்து, கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பெண் படியில் கால் வைத்த நொடியில் வீட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டார். “நானே பிடிச்ச மாதிரி இருக்குடி” என்றார்.

குழுவிடம் அதே கைப்பேசியைத்தான் முதலில் காட்டினார் ஓவியர். எட்டு நொடியில் முடிந்துவிட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போடுவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மறுபடியும் காட்டினார். தலைவர் நெற்றியைச் சுருக்கினார்.

“ஓடுது. சரி. ஆனா குழு எதைப் பாத்து ஒப்புதல் குடுக்கும்? நிக்கவே மாட்டேங்குதே. விதி என்ன சொல்லுது? அட்டைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனியே பரிசீலிக்கப்படல் வேண்டும். இதுல மொத்தம் எத்தனை படம்மா?”

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, ஓவியர் அதைத்தான் செய்தார். உண்மையைச் சொன்னார்.

“தொண்ணூத்தாறு சார்.”

“அப்ப தொண்ணூத்தாறு அட்டை. ஒவ்வொண்ணையும் கனமான தாள்ல அச்செடுத்து, நம்பர் போட்டுக் கொண்டு வாங்க.”

அப்படிக் கொண்டுவந்து கொடுத்த கட்டைத்தான் இப்போது உள்ளே பிரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. முத்திரை எழுத்தர் தலையை நீட்டினார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். அந்தக் குழுவில் அவருக்குப் பேச உரிமை இல்லை, குத்த மட்டும்தான் உரிமை. “ஆர்ட்டிஸ்டம்மா, உள்ள கூப்பிடுறாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்றார்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் பாதுகாப்பு உறுப்பினர். இடது பக்கம் கண்ணிய உறுப்பினர், ஒரு அம்மா. அட்டையில் கண்ணியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

“உக்காருங்க. முதல் படம் அருமை” என்று ஆரம்பித்தார் தலைவர். “பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு. ரெண்டு காலும் தரையில. ரெண்டு கண்ணும் திறந்திருக்கு. பஸ்ஸை மரியாதையாப் பாக்குறா. ஒப்புதல் குடுத்தாச்சு. பிரச்சினையெல்லாம் ரெண்டாவது படத்துலருந்துதான் ஆரம்பிக்குது.”

“அதுல என்ன சார்?”

“பஸ் முன்னால நிக்குது. இவ எதுக்குப் பின்னால சாயுறா?”

“யாரா இருந்தாலும் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்ன உடம்பு கொஞ்சம் பின்னால போகும் சார். அப்பத்தான் அடுத்த வேகம் கண்ணுக்குத் தெரியும்.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொதுமக்களுக்குத் தெரியுமா? துறையோட வண்டியக் கண்டதும் ஒரு பயணி பின்வாங்குறா. அதான் படத்துல இருக்கு.” தாளைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் ‘நி’ என்று எழுதினார். நிராகரிப்பு என்று அர்த்தம். முகப்பில் எழுத மாட்டார்கள். முகப்பு ஒப்புதல் முத்திரைக்கு மட்டும் உரிய இடம்.

நாலாவது படம் பாதுகாப்பு உறுப்பினருடையது. கதவுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“நடக்கும்போது ஏதாவது ஒரு கால் தரையில இருக்கும் சார்” என்று பொறுமையாகச் சொன்னார் ஓவியர். “ஓடும்போது ரெண்டும் ஒரு கண நேரம் மேல இருக்கும். அதனாலதான் அது ஓட்டம்.”

“அந்தக் கண நேரத்துல ஏதாவது ஆயிட்டா?”

“ஒண்ணும் ஆகாது சார். அடுத்த படத்துல கால் கீழ வந்துரும்.”

“அடுத்த படத்தைப் பத்தி அடுத்த படம் வரும்போதுதான் நான் பதில் சொல்ல முடியும். இந்தப் படத்துல இவளை யாரு தாங்குறது?”

அந்தத் தாளின் பின்பக்கத்திலும் ‘நி’.

ஒன்பதாவது படத்தைக் கண்ணிய அம்மா இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். “கண்ணு பாதி மூடியிருக்கு. இது தூக்கமா, மயக்கமா? இல்ல, யாரையாவது பாத்துக் கண்ணடிக்கிறாளா?”

“இமைக்கிறா மேடம்.”

“நம்ம அட்டையில வந்து இமைக்கணும்னு என்ன அவசரம்? வீட்டுக்குப் போயி இமைக்கட்டுமே!”

இருபத்து மூன்றாவது படத்தில் அவள் பாய்கிற வேகத்துக்காக உடம்பைக் கொஞ்சம் நீட்டி வரைந்திருந்தார் ஓவியர். அனிமேஷனில் எல்லாரும் செய்கிற காரியம். திரையில் நீளம் தெரியாது, வேகம்தான் தெரியும். பாதுகாப்பு உறுப்பினர் அளவுகோலை எடுத்து வைத்தார். முதல் படத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தவள் இதில் பதினான்கரை. இருபத்தாறாவதில் கால் ஊன்றும்போது பத்தரை.

“மூணு பேரு!” என்றார் அவர். “ஒருத்தி பேர்ல மூணு பேரு பயணம் பண்றாங்க. இது ஆள்மாறாட்டம்.”

நாற்பதாவதில் முடி பறந்து முகத்தை மறைத்தது. யார் என்று தெரியவில்லை, நி. ஐம்பத்தெட்டாவதில் பை உடம்புக்குப் பின்னால் போய்விட்டது. பையைத் தொலைத்துவிட்டாள், நம் வண்டியில் திருட்டு நடக்கிறது என்பார்கள், நி. எழுபதுக்கு மேல் படத்தைப் பார்க்காமலே ‘நி’ போட ஆரம்பித்தார்கள். கை அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

கடைசிப் படம். வலது கால் படியில், கை கம்பியில். ஓவியர் அதை மட்டும் தானே எடுத்து நீட்டினார். “இதையாவது விடுங்க சார். பஸ்ஸைப் பிடிச்சிட்டா. இதுல என்ன குத்தம்?”

தலைவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூச்சு வாங்குது இவளுக்கு. தெரியுதா? அப்ப இவ ஓடி வந்திருக்கா. ஓடி வந்தாள்னா பஸ் நிக்கலைன்னு அர்த்தம். நம்ம பஸ் நிக்காதா?”

“நல்லா நிக்கும் சார்” என்றார் முத்திரை எழுத்தர். “கிளம்பறதுதான்...”

“உங்களைக் கேக்கல.”

தொண்ணூற்றைந்து நிராகரிப்பு, ஒன்று ஒப்புதல். ஓவியர் தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். “அப்ப அசையும் அட்டைன்னு சொன்னது?”

“அதுக்கும் விதி இருக்கு. ‘நிராகரிக்கப்பட்ட படத்தின் இடத்தில் ஒப்புதல் பெற்ற படமே இடம்பெறும்.’ முதல் படத்தையே இன்னும் தொண்ணூத்தஞ்சு பிரதி எடுத்துடலாம். எட்டு நொடிக்கு எட்டு நொடி சரியா வந்துரும். ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியா முத்திரை, தனித்தனியா என் கையெழுத்து. முத்திரை இல்லாத தாள் வெளியீட்டுக்குப் போகாது. முத்திரையோடதான் ஸ்கேன் எடுக்கணும், முத்திரையோடதான் ஓடணும்.”

“சார், அவ பஸ்ஸைப் பிடிக்கவே மாட்டாளே!”

“ஏம்மா பிடிக்கணும்? நம்பிக்கையோட நிக்கட்டும். நம்ம பயணிங்க எல்லாரும் அப்படித்தானே நிக்கிறாங்க?” தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் பாசம்கூட இருந்தது. “பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரே ஒரு தப்பான அட்டை வெளிய வந்ததில்ல. ஏன்? அதிகமா எதையும் வெளிய விட்டதில்ல. இது மாத இதழ்தான். அவசரப்பட்டிருந்தா எட்டு வருஷம் நாலு மாசத்துல நூறாவது இதழைத் தொட்டிருக்கலாம். நாங்க நிதானமா இருபத்தேழு வருஷம் எடுத்துக்கிட்டோம். நீங்க எட்டே நொடியில ஒருத்தியக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு நினைக்கிறீங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் கையிலிருந்த மெழுகுப் பல்லைக் கீழே வைத்தார். “முப்பத்திரண்டு பல்லையும் ஒண்ணொண்ணா ஒப்புதல் வாங்கிட்டு வான்னு என்கிட்ட சொன்னா, பல் கட்டிக்கிற ஆளு எப்ப மெல்லுறது?” என்றார். அப்புறம், “அப்ப நான் ஓடினது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நின்னது மட்டும் ஓகே ஆயிருக்கு.”

“நிக்கிறதுக்கு நீ என்னைப் படமே பிடிக்கலையேடி!”

ஓவியர் அன்றைக்கு அதற்குச் சிரிக்கவில்லை. வெளியீட்டுக்கே போவதில்லை என்று இருந்தார். வீட்டுக்காரர்தான் விடவில்லை. “ஓரத்துல உன் பேர் வருமில்ல? அதப் பாக்கவாவது போவோம். அந்தப் பையும் நம்ம பைதானே” என்று இழுத்துக்கொண்டு போனார்.

வெளியீடு காலை பதினோரு மணிக்குக் கீழ்தளக் கூடத்தில். டிக்கெட் வரிசையில் நின்றவர்களையும் அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். ஊழியர்களின் பிள்ளைகள் முன்வரிசையில். விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் அட்டை வந்தது.

பெண் நின்றாள். பஸ் நின்றது. அசையாமல் நின்றார்கள் இருவரும்.

ஆனால் முத்திரை அசைந்தது.

தொண்ணூற்றாறு தாளிலும் கையால் குத்திய முத்திரை ஒரே இடத்தில் விழுமா? முதலில் பெண்ணின் தலைக்கு மேல், ஊதா வட்டமாக, லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. மை தீரத் தீர வெளுத்துக்கொண்டே போய், மைப்பெட்டியில் மை ஊற்றிய இடத்தில் திடீரென்று இருண்டு ஒரு குதி குதித்தது. மூன்றாவது நொடியில் எழுத்தருக்குக் கை வலித்திருக்கிறது. முத்திரை மெல்ல மெல்ல இறங்கி, பெண்ணின் நெற்றி, மூக்கு, தோள் என்று உருண்டு வந்து பை மேல் உட்கார்ந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்த தாளிலிருந்து புதுத் தெம்போடு துள்ளி, பஸ்ஸின் கூரையில் ஏறி ஆடியது. கீழே தலைவரின் கையெழுத்து புழு மாதிரி நெளிந்தது. முழுப் பெயராக ஆரம்பித்து, பாதிப் பெயராகி, ஒரு கோடாகி, கடைசி நொடியில் ஒரு புள்ளியாகச் செத்துப்போனது.

“பந்து! பந்து!” என்று முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து குதித்தன. கூடமே சிரித்தது. “இன்னொரு தடவை போடுங்க!” என்று டிக்கெட் வரிசைக்காரர் ஒருவர் கத்தினார். நான்கு தடவை போட்டார்கள். நான்கு தடவையும் கைதட்டல். வீட்டுக்காரர் கூடத் தட்டிவிட்டு, ஓவியர் முறைத்ததும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

தலைவர் முதலில் திகைத்தார். கைதட்டலைக் கேட்டதும் எழுந்து நின்றார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

“அன்பர்களே, இயக்கம்னா என்னன்னு இன்னைக்கு நீங்க கண்ணால பாத்தீங்க. மக்கள் அமைதியா நிக்கிறாங்க. நிர்வாகம் இயங்குது. இதைத்தான் இருபத்தேழு வருஷமா நாங்க செஞ்சுக்கிட்டிருக்கோம். சில பேரு கேக்குறாங்க, அந்தப் பொண்ணு ஏன் நகரலைன்னு. எல்லாரும் நகர்ந்துட்டா, நிர்வாகம் நகர்றது எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?”

அப்புறம் கேடயம். சிறந்த அசைவூட்டத்துக்கான கேடயம். அசைந்தது முத்திரை, முத்திரை குழுவுடையது, ஆகவே உருவாக்கம், அட்டைப்பட ஒப்புதல் குழு. திரையின் ஓரத்தில் அப்படித்தான் எழுதியும் இருந்தது. ஓவியரின் பெயரைத் தனியாக யாரும் நிராகரிக்கவில்லை. அதன் மேல் குழுவின் இன்னொரு முத்திரை, பெயர் முத்திரை, விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தபோது முத்திரை எழுத்தர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். முகம் சுருங்கியிருந்தது. “ஆர்ட்டிஸ்டம்மா, நான் வேணும்னு பண்ணலம்மா. முப்பது தாளுக்கு மேல தோள்பட்டை விட்டுப்போச்சு.”

ஓவியர் கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் வந்தது வேறு. “பஸ் கூரையில ஏறின இடம் நல்லா இருந்துச்சுண்ணே. அந்த இடத்துல கொஞ்சம் மெதுவாக் குத்தியிருந்தீங்கன்னா இன்னும் நல்லா வந்திருக்கும்.”

எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து முப்பத்தேழு வருஷத்தில் அவர் குத்தியதைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை போலிருக்கிறது. “உங்க மிச்சத் தாள் தொண்ணூத்தஞ்சும் ஆவண அறைக்குப் போயிருச்சும்மா. ஒப்படைச்சதுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். வாங்க, நானும் வர்றேன்.”

ஆவண அறை அடித்தளத்தில். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில், மேசை விளக்கின் கீழே, காப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். எந்தக் கோப்பையும் பக்கம் எண்ணாமல் வாங்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர். ‘நிராகரிக்கப்பட்டவை: ஒரு பெண், 2 முதல் 96 வரை’ என்று தலைப்பிட்ட கட்டு, இடது ஓரத்தில் நாடா கட்டி அவர் முன்னால் கிடந்தது. வரிசை கலையவே இல்லை. அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைக்கப்படுவது நிராகரித்தவை மட்டும்தான்.

காப்பாளர் அம்மா கட்டை இடது கையால் அழுத்தி, வலது கைக் கட்டைவிரலால் ஓரத்தை வளைத்து, பக்கம் எண்ணுகிற வேகத்தில் சரசரவென்று தாள்களை விட்டார்.

விட்டவர் அப்படியே நிறுத்தினார்.

“யாரோ ஓடுறாங்க!”

“என்னம்மா?” என்றார் எழுத்தர்.

“தாளுக்குள்ள யாரோ ஓடுறாங்கய்யா!” மறுபடி முதலிலிருந்து பிடித்து விட்டார். பின்னால் சாய்ந்தாள். பாய்ந்தாள். இமைத்தாள். முடி பறந்தது. ரெண்டு காலும் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. காப்பாளர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஓடு, ஓடு, கதவை மூடப் போறான் பாரு... ஏறிட்டா! ஏறிட்டாடீ!”

முகப்பில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தொண்ணூற்றைந்து தாளும் சுத்தமாக இருந்தன. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “அது நான்” என்றார். காப்பாளர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சும்மா இருங்க சார்” என்றார். ஓவியர் இன்னொரு தடவை விடச் சொன்னார். இன்னொரு தடவையும்.

விஷயம் மாடி மாடியாக ஏறியது. மறுநாள் இரண்டாவது மாடியிலிருந்து நாலு பேர் ‘பக்க எண்ணிக்கையைச் சரிபார்க்க’ வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஓட்டுநர்கள் வந்தார்கள். ஒரு ஓட்டுநர் கடைசித் தாளைப் பார்த்துவிட்டு, “கண்ணாடியில பாத்திருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்” என்று யாரும் கேட்காமலே சொன்னாராம். ஒரே வாரத்தில் அந்தக் கோப்பை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சரிபார்த்துவிட்டார்கள். பதிவேட்டில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது. எல்லாருக்கும் தொண்ணூற்றைந்துதான் வந்திருக்கிறது.

நெருப்பில்லாமல் புகையுமா? தலைவர் காதுக்கு எட்டிவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஓவியர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

‘தங்களால் சமர்ப்பிக்கப்பட்டு, இக்குழுவால் முறைப்படி நிராகரிக்கப்பட்ட பெண், ஆவண அறையில் உரிய ஒப்புதலின்றி ஓடியதாகவும், ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஏறியதாகவும் தெரியவருகிறது. இது குறித்துத் தங்கள் விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாத பட்சத்தில், மேற்படி கோப்பு பிரிக்கப்பட்டு, தாள் ஒன்றுக்கு ஒரு உறை வீதம் தொண்ணூற்றைந்து தனித்தனி உறைகளில் இடப்பட்டு, தொண்ணூற்றைந்து வெவ்வேறு கிளை அலுவலகங்களில் பாதுகாக்கப்படும்.’

வீட்டுக்காரர் உடனே ஒரு பதில் எழுதிவிட்டார். “ரொம்ப சுலபம்டி. ‘ஐயா, எந்தத் தாளை எடுத்துப் பாத்தாலும் அவ ஓடல. அந்தந்தத் தாள்ல அப்படி அப்படியே நிக்கிறா. தனித்தனியாப் பாக்கணும்கிறது உங்க விதிதானே?’ முடிஞ்சுது கதை. அவங்க வாயாலயே அவங்களை மடக்கியாச்சு.”

ஓவியர் அதை இரண்டு தடவை படித்தார். சட்டப்படி அதில் ஒரு ஓட்டையும் இல்லை. கோப்பு தப்பிவிடும். பேனாவை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார்.

“அவ ஓடலைன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமா?”

“எழுதலைன்னா பிரிச்சிடுவாங்கடி.”

“அதுக்காக? இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்திதாங்க போய்ச் சேந்திருக்கா.”

நேற்று வரைக்கும் மூன்று பிரதிக்கான தாளும் வெறும் தாளாகத்தான் மேசை மேல் கிடந்தது. வருகிற வெள்ளிக்கிழமை கெடு. காப்பாளர் அம்மா தன் பங்குக்கு, “எண்ணிக்கை இன்னும் சரிபார்த்து முடியல” என்று சொல்லிக் கோப்பைக் கையை விட்டு விடாமல் வைத்திருக்கிறார். எத்தனை நாள் அவரும் எண்ண முடியும்?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அலுவலகத்தில் இருந்தவர்கள் இருப்பீர்கள், கடிதம் எழுதி எழுதிக் கை காய்த்தவர்கள் இருப்பீர்கள், ஒரு கடிதத்துக்காக வருஷக்கணக்கில் நடந்தவர்களும் இருப்பீர்கள். குழுவுக்கு என்ன பதில் எழுதலாம் என்று கீழே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், மரியாதையாக இருக்கட்டும். வியாழக்கிழமைக்குள் எழுதினால் நல்லது, நானே ஆர்ட்டிஸ்டம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அவள் ஓடவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதில் ஆர்ட்டிஸ்டம்மா கையெழுத்துப் போட மாட்டார்.